பரணில் தூங்கும் பொம்மைக்கு மறுபடி கண் திறக்கலாம், தெரியுமா?

பள்ளி நாட்களில் பொம்மைக்கு வர்ணம் தீட்டிவிட்டு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று பிரஷ்ஷை மூலையில் போட்டவரா நீங்கள்? நம் ஊரான புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி பக்கம் கிளம்பினால், நீங்கள் மறந்துபோன கலையின் சொந்தபந்தங்கள் எல்லாம் அந்தத் திசையிலேயே இருக்கின்றன!

கிளம்பும் முன், மறந்துபோன கைவேலையின் முதல் அதிசயத்தைப் பார்த்துவிடுவோம்: நிழல். ஆளுயரச் சிலையின் சேலை மடிப்பில் நிழல் தானாகவே தங்கும். ஓர் அங்குல உருவத்தில் அதே மடிப்பு வெறும் நகக்கீறல்தான். அதன் நிழல் கண்ணுக்கே எட்டாது. அதனால் நிழலையும் நாம்தான் தீட்ட வேண்டும், தெரியுமா? கறுப்பையோ பழுப்பையோ நீர்க்கக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிடுங்கள். காய்ந்ததும், உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் நிறத்தைத் தொட்டு, அதைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுங்கள். தோள், மூக்கு நுனி, முழங்கால் என்று உச்சி வெயில் படும் இடங்களெல்லாம் எழும்பி நிற்கும்!

நீங்கள் விலகியிருந்த காலத்தில் பெயின்ட்டே மாறிவிட்டது. 2019-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் ‘கான்ட்ராஸ்ட்’ என்ற பெயின்ட்டைக் கொண்டுவந்தது. வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒரே கை பூசினால் போதும். மேட்டில் மெலிந்து, பள்ளத்தில் அடர்ந்து, நிழலையும் அதுவே போட்டுவிடுகிறது. அந்த நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ‘வார்ஹாமர்’ மேஜை விளையாட்டுக்காக இன்று எத்தனையோ நாடுகளில் பெரியவர்கள் குட்டிப் போர்வீரர்களுக்கு வர்ணம் தீட்டுகிறார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1913-இல், பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட விதிமுறைப் புத்தகம் எழுதியவர் யார் தெரியுமா? செவ்வாய் கிரகத்தார் படையெடுக்கும் கதையை எழுதிய அதே எச்.ஜி. வெல்ஸ்!

திருப்பதி தாண்டிக் காளஹஸ்திக்கு வாருங்கள். கலம்காரித் துணியை ஏன் பாலில் நனைக்கிறார்கள்? கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிய துணியில் ‘கலம்’ என்னும் மூங்கில் எழுதுகோலின் மை பரவாது; பாலின் கொழுப்பு கோட்டைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கறுப்பு மையோ, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்து எடுப்பது! பொம்மைக்கும் இதே நியாயம்தான். அடிப்பூச்சு இல்லாத மண் பொம்மை வர்ணத்தை உறிஞ்சிவிடும். அடிப்பூச்சு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உருவத்திலும் வர்ணம் சரியாகப் பிடிக்காது.

இன்னும் வடக்கே, விஜயவாடாவை அடுத்த கொண்டபள்ளியில் பொம்மையின் கைகால்களை ஒட்டுவது புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் சேர்ந்த கலவை. விசாகப்பட்டினம் பக்கத்து எடிகொப்பாகாவில் கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி வர்ணமாகப் படிகிறது!

வர்ணமே வேண்டாத பொம்மையும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. திருப்பதியின் செம்மர மரப்பாச்சி! சேஷாசலம் உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் அது. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பாட்டி கொடுத்த மரப்பாச்சி வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதன் மேல் அக்ரிலிக்கைக் கொண்டுபோகாதீர்கள். பட்டுத்துணி கட்டிக் கொலுவில் வையுங்கள், போதும்.

பழைய கொலு பொம்மையைப் புதுப்பிக்கும்போது ஒரு கவனம். முற்காலப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். ஆகவே உப்புத்தாள் போட்டு உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். கீரி முடி பிரஷ் நன்றாக இருக்கும் என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். அதை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கடைசியில் கண். போர்வீரன் உருவத்தில் அது கடுகை விடச் சிறியது. அதற்கு ஆக மெல்லிய பிரஷ்தான் வேண்டும் என்று நினைப்போம், ஆனால் அதில் வர்ணம் கண்ணைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது! வயிறு பருத்து நுனி கூர்ந்த பிரஷ்தான் சரி. முதலில் குழி முழுக்கக் கரும்பழுப்பு, அதன் மேல் வெள்ளைக் கீற்று, நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. பொட்டு வைத்தால் முழி பிதுங்கும். கோடு இழுத்தால் பார்வை வரும். கோணினால் பயப்படாதீர்கள், தோல் நிறத்தால் இமையைத் திருத்திக்கொள்ளலாம். உடம்பெல்லாம் மேட் வார்னிஷ் பூசினாலும் கண்ணில் மட்டும் ஒரு துளி பளபள வார்னிஷ் வையுங்கள், சட்டென்று ஈரம் தெரியும்!