இரவு பத்து மணிக்கு மேல் கம்பாரில், ஈப்போவில் நம் பிள்ளைகள்

விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்ப் பழகிய தோட்டத்துக் குடும்பங்களில் ஒன்பது மணிக்கெல்லாம் வீடு அடங்கிவிடும். அங்கிருந்து படிக்கப் போன பிள்ளைக்கோ இரவு பத்து மணிக்குத்தான் பொழுதே தொடங்குகிறது. ஃபோன் போட்டால் பின்னால் தட்டுச் சத்தமும் காற்பந்து ஆரவாரமும் கேட்கும். பெற்றோர் கலங்குவது இயல்பு. ஆனால் பிள்ளை இருக்கும் இடம் பெரும்பாலும் மாமாக் கடைதான்.

ஈய விலை 1985இல் சரிந்தபின் கம்பார் வெகுகாலம் தூங்கிக் கிடந்த ஊர். 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை அங்கே திறந்த பிறகே மீண்டும் கூட்டம் சேர்ந்தது. பழைய ஈயக் குட்டைகளை ஒட்டிய புதிய நகரில் கடைகள் மாணவர்களை நம்பியே நடக்கின்றன. ஈப்போவில் நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், மருத்துவக் கல்லூரி என மாணவர் கூட்டம் பலவகை. இரவுச் சந்தை, தாவ்கே கோழிக் கடைகள், லிட்டில் இந்தியா என்று அவர்கள் போக இடங்களும் அதிகம்.

இருந்தாலும் மாமாக் கடைக்கு ஈடில்லை. ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். அசைன்மென்ட் வேலை பாதி அங்கேதான் முடிகிறது. 2019 முதல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை இருப்பதும் நல்லதே.

காசு விஷயம் வேறு. பி.டி.பி.டி.என். கடன் பணம் செமஸ்டருக்கு ஒருமுறைதான் கணக்கில் விழும். முதல் மாதம் கோழி, கடைசி மாதம் மெகி. 2023இல் அறிமுகமான 5 வெள்ளி ரஹ்மா உணவு எந்தக் கடையில் கிடைக்கும் என்று சீனியர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது பயன் தரும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது திரும்பி வரும் வழியைப் பற்றித்தான். கம்பாரிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நள்ளிரவில் கோப்பேங் வழியாக லாரிகளுக்கு நடுவே மோட்டாரில் வருவது விளையாட்டல்ல. நால்வர் சேர்ந்தால் கிராப் காரின் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மது வாங்கும் வயது 2017 டிசம்பரில் 18இலிருந்து 21 ஆனது. ஆகவே முதலாண்டு மாணவர் பலருக்கு அது சட்டப்படியே இல்லை. குடித்துவிட்டு ஓட்டினால், 2020இல் கடுமையாக்கப்பட்ட சட்டப்படி முதல் குற்றத்திற்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. லைசென்ஸும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் போய்விடும். பிள்ளை எடுத்த படிப்புக் கடனையே விழுங்கக்கூடிய தொகை அது.

இன்னொன்று. மகள் ஈப்போவில் "நாசி கஞ்சா" சாப்பிட்டதாகச் சொன்னால் பதற வேண்டாம். அது சிவப்புக் கோழியும் குழம்பும் ஊற்றிய நாசி கண்டார். திரும்பத் திரும்பத் தின்னத் தூண்டும் ருசியால் வந்த பட்டப்பெயர், அவ்வளவுதான்.