ஓ.பி-யில உங்ககிட்ட கேள்வி கேட்குறது டாக்டரா, ஸ்டூடன்ட்டா? தெரிஞ்சுக்கோங்க!

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிருக்கீங்களா? ஓ.பி சீட்டு வாங்கி, வரிசையில காத்திருந்து, ஒருவழியா உங்க முறை வரும். பார்த்தா, உங்க வயசுலயே ஒருத்தர் வெள்ளை கோட் போட்டுக்கிட்டு, 'எத்தனை நாளா காய்ச்சல்? வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பார். 'நம்மளை வெச்சுப் பழகுறாங்களோ'ன்னு தோணும்தானே?

பழகுறாங்கதான். ஆனா, எதைப் பழகுறாங்கன்னு தெரிஞ்சா அந்தப் பதற்றம் குறையும்.

யார் இவங்க?

எம்.பி.பி.எஸ் படிப்பு நாலரை வருஷம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி. அந்தப் பயிற்சியில இருக்கறவங்கதான் 'ஹவுஸ் சர்ஜன்'. சீனியர் டாக்டர் மேற்பார்வையில இவங்க சிகிச்சை கொடுக்கலாம். இரண்டாம் ஆண்டுல இருந்து ஓ.பி-க்கு வர்ற மாணவர்கள் வேற. விவரம் கேட்கலாம், பரிசோதிச்சுப் பார்க்கலாம். ஆனா, என்ன மருந்துன்னு முடிவு பண்றது டாக்டர்தான்.

பெரியவங்க ஓ.பி: காதுதான் முக்கியம்

'தலை சுத்துது'ன்னு சொல்றீங்க. ரூமே சுத்துற மாதிரி இருந்தா, உள்காதுல பிரச்னை இருக்கலாம். எழுந்து நிக்கும்போது கண்ணு இருட்டினா, பி.பி குறையுதான்னு பார்க்கணும். வார்த்தை ஒண்ணு, காரணம் வேற வேற. அதைப் பிரிச்சுக் கேட்கத்தான் மாணவர்கள் கத்துக்கிறாங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிப் போட்ட வலி மாத்திரையைக்கூட மறைக்காதீங்க. சில வலி மாத்திரைகள் பி.பி-யை ஏத்தும்.

குழந்தைகள் ஓ.பி: கண்ணுதான் முக்கியம்

குழந்தையால சொல்ல முடியாது. அதனால, தொடறதுக்கு முன்னாடியே அம்மா மடியில இருக்கும்போது கவனிக்கணும். இருமலோட வர்ற குழந்தைக்கு, அழாம இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுவாங்க. 2 மாசத்துல இருந்து 1 வயசு வரைக்கும் 50, 1 முதல் 5 வயசு வரைக்கும் 40, அல்லது அதுக்கு மேல போனா வேகமான மூச்சுன்னு அர்த்தம். நிமோனியாவா இருக்கலாம்.

மருந்து அளவு குழந்தையோட எடையைப் பொறுத்தது. அண்ணனுக்குக் கொடுத்த அதே அளவு சிரப்பைத் தங்கச்சிக்கு ஊத்தக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

பால், தண்ணி குடிக்க முடியலை, குடிச்சதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்குறது... இதுல ஒண்ணு இருந்தாலும் வரிசையில நிக்காதீங்க. உடனே அவசரப் பிரிவுக்குப் போங்க.

'வேண்டாம்'னு சொல்லலாமா?

தாராளமா. 'நீங்க மாணவரா, டாக்டரா?'ன்னு கேட்கலாம். மாணவர் பரிசோதிக்க வேண்டாம்னு சொன்னாலும், உங்களுக்கான சிகிச்சையை மறுக்கக்கூடாது. பெண்கள், பரிசோதனையப்போ இன்னொரு பெண் கூட இருக்கணும்னு கேட்கலாம்.

சம்மதம்னா, அடுத்த தடவை பழைய சீட்டு, சாப்பிடுற மாத்திரை அட்டை ரெண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. அவங்க முதல்ல கேட்கப்போறது அதைத்தான்.