சுதேசச் சரக்கும் அயல்நாட்டுச் சரக்கும்: கரும்பு கற்பிக்கும் பாடம்

நம் நாட்டுச் சரக்கையே வாங்க வேண்டுமா, அன்றி மலிவும் நயமும் உடையதாயின் அயல்நாட்டுச் சரக்கையும் வாங்கலாமா என்னும் வாதம் நெடுங்காலமாய் நடந்து வருகின்றது. இது வியாபாரிகளும் பட்டணவாசிகளும் மாத்திரம் பேசித் தீர்க்கத்தக்க விஷயமன்று. நிலத்தை நம்பி வாழும் குடியானவருக்கே இதில் லாப நஷ்டம் அதிகம். இதனை விளக்கச் சர்க்கரையின் சரித்திரம் தக்கதோர் உதாரணமாகும்.

1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இந்தியா வருஷந்தோறும் சுமார் பத்து லட்சம் டன் சர்க்கரையை வெளியிலிருந்து தருவித்தது. அதில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. கரும்பு தொன்றுதொட்டு விளையும் நம் நாட்டில் அச்சர்க்கரை மலிவாய் விற்றதற்குக் காரணம் யாது? ஜாவாவில் ஏக்கருக்குக் கிடைத்த மகசூல் மிக அதிகம். நம் வடபாகத்து நாட்டுக் கரும்போ மெலிந்தது, விளைவும் குறைந்தது. ஆகவே, மலிவை நாடி வாங்கியவரை மாத்திரம் குறை கூறுதல் நியாயமன்று.

இக்குறையைப் போக்கும்பொருட்டு 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் நிறுவப்பெற்றது. பார்பர் துரையும், அவருக்குப்பின் டி. எஸ். வெங்கட்ராமனும் அங்கே பாடுபட்டனர். தடித்த வெள்ளைக் கரும்பையும், நாணலைப்போல் தானே வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து உண்டாக்கிய கோ 205 என்னும் இனம் 1918இல் வெளிவந்தது. அதுவும் அதன் பின்வந்த கோயம்புத்தூர் இனங்களும் வடநாட்டு வயல்களில் விரைவாய்ப் பரவின.

இவ்வாறு கரும்பு திருந்திய பின்னரே, 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தரொன்றுக்கு 7 ரூபாய் 4 அணா இறக்குமதி வரியும் அதன்மேல் உபரி வரியும் விதிக்கப்பட்டன. 1931–32இல் 32 ஆக இருந்த ஆலைகள் ஐந்தாண்டுகளுள் 130க்கு மேற்பட்டன. ஜாவாச் சரக்கின் வரவு மிகவும் சொற்பமாயிற்று.

எனினும் எதிர்வாதமும் பொருளுடையதே. வரியின் பாரத்தைச் சர்க்கரை வாங்குவோர் சுமந்தனர். ஆலைக்காரர் அடையும் லாபம் கரும்பு பயிரிடுவோருக்குத் தானாகவே வந்து சேருவதன்று. ஆதலால்தான் 1934ஆம் ஆண்டின் கரும்புச் சட்டம், கரும்புக்குக் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க மாகாண அரசாங்கங்களுக்கு அதிகாரம் அளித்தது. சுதேசச் சரக்கு என்னும் பெயர் மாத்திரம் உழவன் மடியை நிரப்பாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தென்னாட்டில் பெரும்புகழ் பெற்ற கோ 419 என்னும் கரும்பின் தாய், ஜாவாவின் பி. ஓ. ஜே. 2878 என்னும் இனமாகும். அயல்நாட்டுச் சர்க்கரையை நிறுத்திய நாம், அயல்நாட்டு அறிவையும் வித்தையும் தள்ளிவிடவில்லை. அதனால் நன்மையே அடைந்தோம்.

இன்று அதே வாதம் எண்ணெயைப்பற்றி எழுந்துள்ளது. நமக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்குமேல் வெளிநாடுகளிலிருந்து வருகின்றது. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து வருவது. சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள்மீதிருந்த மொத்த இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் நூற்றுக்கு 5.5இலிருந்து 27.5 ஆக உயர்த்தப்பட்டது. 2025 மே மாத இறுதியில் 16.5 ஆகக் குறைக்கப்பட்டது. வரியை மாத்திரம் நம்பி நிலக்கடலையும் எள்ளும் விதைப்பவர், அடுத்த பட்டத்திற்குள் அவ்வரியே மாறக் காணலாம்.

ஆகவே மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் மூன்று விஷயங்களை மனத்திற் கொள்வது நலம். முதலாவது, நல்விதையாலும் நற்சாகுபடியாலும் ஏக்கர் மகசூலை உயர்த்துதல்; வரி குறையினும் இந்தப் பலம் குறையாது. இரண்டாவது, விளைபொருளைக் கூட்டாக விற்று, சரியான எடையும் கிரயமும் பெறுதல். மூன்றாவது, நம் வீட்டுக்கு வேண்டிய எண்ணெயை நம்மூர்ச் செக்கிலிருந்து வாங்குதல். நாம் விளைவித்ததை நாமே வாங்காமல், பட்டணத்தார் வாங்கவில்லையென வருந்துவதிற் பயனில்லை.