சர்க்கரையைக் கண்டு ஒளிரும் கூழ்

"விரலைக் குத்தாமல் சர்க்கரை அளவை அறிய வழியில்லையா, டாக்டர்?" நீரிழிவு நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் தந்தைக்கு உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்று நள்ளிரவில் எழுந்து பார்க்கும் பிள்ளைகளின் கவலையும் இதில் அடங்கியுள்ளது.

இதற்கு ஒரு விடையாக உருவானதே ஒளிரும் கூழ் உணரி. 'எவர்சென்ஸ்' எனும் இத்தகைய உணரிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. முதலில் 90 நாட்கள் பயன்பட்ட இது, பின்னர் 180 நாட்களுக்கும், 2024இல் ஓராண்டுக்கும் மேம்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நீளமுள்ள இவ்வுணரியை மருத்துவர் மேற்கையில் தோலுக்கடியில் பொருத்துவார். அதற்கு நேர் மேலே, தோலின்மீது ஒட்டப்படும் சிறு கருவி ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும்.

உணரியின்மேல் பூசப்பட்டுள்ள கூழில் ஒளிரும் தன்மையுள்ள மூலக்கூறுகள் உள்ளன. அவற்றுடன் இணைந்துள்ள போரானிக் அமிலம் குளூக்கோசைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. குளூக்கோஸ் இல்லாதபோது அவற்றின் ஒளி அடங்கியிருக்கும்; குளூக்கோஸ் வந்து சேர்ந்தால் ஒளி கூடும். குளூக்கோஸ் விலகினால் மீண்டும் மங்கும். இவ்வாறு பற்றுவதும் விடுவதும் தொடர்வதால், குளூக்கோஸ் செலவாவதில்லை. உணரியும் நெடுநாள் உழைக்கிறது.

இங்கு ஒரு நுட்பத்தை அறிந்துகொள்வது அவசியம். போரானிக் அமிலம் குளூக்கோசை மட்டுமே பற்றுவதன்று. அதையொத்த அமைப்புடைய வேறு சில பொருட்களையும் பற்றக்கூடும். மூளை வீக்கத்தைக் குறைக்க நரம்பு வழியே செலுத்தப்படும் மானிட்டால் அவற்றுள் ஒன்று. அப்போது உணரி உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டலாம். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மாறாக, டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளை உட்கொள்ளும்போது அளவு குறைவாகக் காட்டப்படலாம். எனவே எந்தச் சிகிச்சைக்குச் சென்றாலும், இத்தகைய உணரி பொருத்தப்பட்டிருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள்.

மேலும், உணரி அளப்பது இரத்தத்தை அன்று. திசுக்களுக்கிடையே உள்ள நீர்மத்தை. ஆகவே சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் கணக்கு சில நிமிடங்கள் பின்தங்கும். உரிய இடைவெளியில் விரல்நுனிச் சோதனையுடன் ஒப்பிட்டு அதைச் சரிசெய்யவும் வேண்டும்.

கைப்பேசி "120" என்று காட்டும்போதே நோயாளிக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால், எண்ணை நம்பாதீர்கள், உடலை நம்புங்கள். உடனே விரல்நுனியில் சோதியுங்கள். அளவு 70க்குக் கீழ் இருந்தாலோ, சோதிக்க வசதி இல்லாவிட்டாலோ, சுயநினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியே எதையும் புகட்டாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

கருவி எத்துணை நுட்பமானதாயினும், அருகிலிருந்து கவனிக்கும் உங்கள் கண்களுக்கு அது துணையே, மாற்று அன்று.