மின்னூலும் நூல் அடையாள எண்ணும்

அருளுரைகளையோ ஆய்வுரைகளையோ பதிப்பகத்தாரை நாடாமல் தாமே மின்னூலாக வெளியிட முன்வரும் ஆயர்களும் மாணவர்களும் முதலில் கேட்கும் வினா ஒன்றுண்டு: “இந்நூலுக்கு ஐ.எஸ்.பி.என். வேண்டுமா? அதை எங்கே பெறுவது?” வினா எளிதாகத் தோன்றினாலும், அவ்வெண் எதற்காக ஏற்பட்டது என்பதை அறியாமல் விடை கூற இயலாது.

பன்னாட்டுத் தர நூல் எண் எனப்படும் இது உரிமமன்று; நூலின் தகுதிக்கு அளிக்கப்படும் சான்றிதழுமன்று. புத்தக வணிகத்தின் தேவையிலிருந்தே அது பிறந்தது. 1960களின் நடுப்பகுதியில் பிரிட்டனின் பெரும் புத்தக விற்பனை நிறுவனமாகிய டபிள்யூ. எச். ஸ்மித்துக்காகக் கார்டன் ஃபாஸ்டர் என்னும் பேராசிரியர் ஒன்பது இலக்க முறையொன்றை வகுத்தார். 1970இல் அது பத்து இலக்கங்கொண்ட பன்னாட்டுத் தரமாயிற்று. 2007 ஜனவரி முதல் பதின்மூன்று இலக்கங்கள் வழங்கி வருகின்றன.

இவ்விலக்கங்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை 978-3-16-148410-0 என்னும் எண்ணைக் கொண்டு காண்போம். 978 என்பது நூல்களுக்குரிய முன்னொட்டு. 3 ஜெர்மன் மொழிப் பகுதியைக் குறிக்கும். 16 பதிப்பாளரைக் குறிக்கும். (இறையியல் மாணவர் நன்கறிந்த டியூபிங்கன் நகரத்து மோர் சீபெக் பதிப்பகமே அது.) அடுத்த ஆறிலக்கங்கள் தனி நூலுக்குரியவை. இறுதி இலக்கம் பிழை காண்பதற்கானது. முதல் பன்னிரண்டு இலக்கங்களை முறையே 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 100 வரும். அது பத்தால் மீதியின்றி வகுபடுவதால் இறுதி இலக்கம் 0. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிழை வெளிப்பட்டுவிடும். ஆனால் அவ்விரண்டின் வேறுபாடு 5 ஆயின் தப்பிவிடும். இவ்வெண்ணிலுள்ள 1, 6 என்பவற்றை மாற்றிப் பார்ப்பவர் இதை உணர்வர்.

இந்தியாவுக்குரிய பகுதி எண்கள் 81, 93 ஆகியவை. இலங்கைக்கு 955, 624. நம் நாட்டில் இவ்வெண்ணை வழங்குவது கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. தனி ஆசிரியரும் அதன் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு, அடையாளச் சான்றும் நூலின் விவரங்களும் அளித்து விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதை விலை கொடுத்தே வாங்க வேண்டும். இங்கோ கட்டணமே இல்லை. ஆகவே எண் பெற்றுத் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகரை நாட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

இனி, பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. மின்னூல் விற்கும் நிறுவனங்கள் சில தாமே இலவசமாக எண் தருகின்றன. இக்கட்டுரையாளரும் தம் வகுப்புக் குறிப்புகளின் தொகுப்புக்கு அவ்வாறு ஓரெண்ணைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டதுண்டு. பின்னர் அந்நூலை வேறிடத்தில் வெளியிட முற்பட்டபோதுதான் அவ்வெண்ணை அங்கே பயன்படுத்த இயலாது என்பதும், பட்டியல்களில் பதிப்பாளராகப் பதிவாகியிருப்பது அந்நிறுவனமே என்பதும் தெரியவந்தன. எழுத்தின் உரிமை பறிபோகவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நூல் எழுதப்பட்டவுடனேயே அவ்வுரிமை ஆசிரியருக்கு உண்டாகிவிடுகிறது, ஐ.எஸ்.பி.என். அதைத் தருவதுமில்லை, எடுப்பதுமில்லை. ஆயினும் புதிய எண்ணோடு வெளிவந்த நூலைப் பழைய பதிவோடு இணைத்துக் காண நூலகர்கள் இடர்ப்பட்டனர். எனவே எண்ணைத் தம் பெயரிலேயே பெறுவது நலம்.

ஓரெண் ஒரு வடிவத்துக்கே உரியது. அச்சு நூலுக்கு ஒன்று, தனியாக விற்கப்படும் ஈபப் வடிவத்துக்கு ஒன்று, பிடிஎஃப் வடிவத்துக்கு மற்றொன்று எனப் பெற வேண்டும். மொழிபெயர்ப்புக்கும், கருத்து விரிவுற்ற திருத்திய பதிப்புக்கும் புதிய எண் வேண்டும். விலை மாற்றத்துக்கும் எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கும் வேண்டியதில்லை. ஒருமுறை வழங்கிய எண்ணை வேறு நூலுக்கு இடுதல் கூடவே கூடாது.

கிண்டிலில் மட்டும் வெளியிடுவோருக்கு இவ்வெண் கட்டாயமன்று. அமேசான் நிறுவனம் தன் பட்டியலுக்கெனப் பத்து எழுத்து அடையாளம் ஒன்றைத் தானே இட்டுக்கொள்கிறது. ஆனால் அவ்வடையாளம் அந்நிறுவனத்துக்கு வெளியே பயன்படாது. நூலகங்களும் பிற விற்பனையாளரும் தம் நூலைக் கண்டறிய வேண்டுமென விரும்பும் ஆசிரியர், வெளியிடுமுன்னரே விண்ணப்பித்து எண்ணைப் பெற்று, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ஒவ்வொரு வடிவத்தின் பெயரோடும் அதற்குரிய எண்ணைக் குறிப்பது முறை.