மறைத்தல் தீது

காய்ச்சல் வந்தவர் அதனை அயலார்க்கும் உரைப்பர். மார்பகப் புற்றுநோய் வந்த மகளிரோ தம் இல்லத்தார்க்கும் உரையாது மறைப்பர். முன்வினைப் பயன் என்பாரும், கண்ணேறு என்பாரும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பாரும் இன்றும் உளர். இவை யாவும் பொருந்தா எண்ணங்கள்.

நம் உடம்பு நுண்ணிய உயிரணுக்களால் ஆயது. அவை ஓர் ஒழுங்கோடு பெருகி உடம்பைப் புதுப்பிக்கின்றன. அவ்வொழுங்கு பிறழ்ந்து, சில அணுக்கள் அளவின்றிப் பெருகிப் பிற உறுப்புகளிலும் பரவுதலே புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் மகளிர்க்கு மார்பகத்தில் இந்நோய் கண்டறியப்பட்டது.

இதற்கு இதுவே காரணம் என ஒன்றைச் சுட்டுதல் இயலாது. நோய் வருதலை எளிதாக்கும் கூறுகளையே மருத்துவ நூலார் உரைப்பர். குடியாத்தத்துத் தீப்பெட்டித் தொழிலாளரைக் கேட்டால் இதன் பொருள் விளங்கும். கோடை வெயில் தானே குச்சியைக் கொளுத்துவதில்லை, தீப்பற்றுதலை எளிதாக்குகின்றது. நோய்க்கூறுகளும் அத்தன்மையனவே. அவை மாற்ற இயலாதன, மாற்ற இயல்வன என இருவகைப்படும்.

பெண்ணாய்ப் பிறத்தலும் ஆண்டு முதிர்தலும் முதல்வகையுள் தலையாயன. ஆடவர்க்கும் இந்நோய் வருவதுண்டு. எனினும் அது மிக அரிது. மிக இளமையில் பூப்பெய்தலும், மாதவிடாய் காலந்தாழ்த்து நிற்றலும், தாய் அல்லது உடன்பிறந்தாள் இந்நோயுற்றிருத்தலும் இவ்வகையினவே. இந்நோயோடு தொடர்புடைய மரபணுக்கள் இரண்டு 1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. அவற்றின் பிழை தாய்வழியே அன்றித் தந்தைவழியும் வரும். ஆயினும் மரபுவழி வரும் நோய் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து அளவினதே.

மது அருந்துதல், உடலுழைப்பின்மை, மாதவிடாய் நின்றபின் உடல் மிகப் பருத்தல் ஆகியன மாற்ற இயல்வன. மகவுக்குப் பாலூட்டுதல் தாய்க்கும் ஒரு காப்பாகும். 30 நாடுகளின் ஆய்வுகளை 2002இல் தொகுத்து நோக்கியபோது, பாலூட்டும் ஒவ்வோராண்டும் நோய் வரும் நிலையை நூற்றுக்கு நான்கு பங்கு குறைத்தல் தெரியவந்தது.

இது கொண்டு மகப்பேறில்லாதாரையும் பாலூட்ட இயலாதாரையும் பழித்தல் அறிவுடைமை அன்று. நோயுற்ற மகளிருள் ஏறத்தாழப் பாதியர்க்குப் பெண்மையும் வயதுமன்றி வேறு கூறு எதுவும் காணப்படுவதில்லை. ஆதலின், ‘எமக்கு வாராது’ என எவரும் வாளா இருத்தல் ஆகாது. மார்பகத்தில் நோவில்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பில் குருதிக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலோர் பிழைப்பர்.

ஆண் மருத்துவர் தீண்டலாகாது என்னும் வழக்கத்தால், திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று மகளிர் பேறுகாலத்தில் மாண்டனர். அதனைக் கண்டு உளம் நொந்த ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் பயின்று, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தம் பணியைத் தொடங்கினார். அதுவே இன்று பெரிய மருத்துவக் கல்லூரியாய் விளங்குகின்றது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார்.

இவர்கள் திறந்த கதவுகளை நாணம் அடைத்தல் கூடாது. மாணவர்களே! அன்னையும் தமக்கையும் உரைக்கத் தயங்குவாராயின், கற்ற நீங்கள் இவற்றை அவர்க்கு எடுத்துரைத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவே நீங்கள் கற்ற கல்வியின் பயன்.