கரையேறிய பின் கால் மரத்தால்...
தண்டுவடத்தில் புகும் காற்றுக் குமிழி

அந்தமானில் கடலுக்குள் மூழ்கிப் பவளப் பாறைகளைப் பார்க்க ஆண்டுதோறும் ஏராளமானோர் வருகிறார்கள். ஹாவ்லாக் தீவு (2018 முதல் சுவராஜ் தீவு) இதற்குப் பேர் போனது. வருகிறவர்களைக் கடலுக்குள் அழைத்துப் போவோருக்கோ அதுவே அன்றாடப் பிழைப்பு.

கடலிலிருந்து எழுந்து படகில் ஏறிய சிறிது நேரத்தில் சிலருக்கு முதுகு வலிக்கும். இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியது போல் இறுகும். கால் மரத்துப் போகும். சிறுநீர் பிரியாது. அசதி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பது பேராபத்து. கோளாறு இருப்பது காலில் அல்ல; முதுகுத் தண்டுவடத்தில்.

வெண்பொருள்

மூளையிலிருந்து காலுக்கு உத்தரவு கொண்டுபோவதும், காலிலிருந்து உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுவருவதும் நரம்பு இழைகள். மின்கம்பிக்கு ரப்பர் உறை போல, இவற்றின் மேல் கொழுப்பு உறை உண்டு. அந்த உறையால் வெளுத்துத் தெரியும் பகுதிக்கு வெண்பொருள் என்று பெயர். மூளையில் இது உட்புறம் இருக்கிறது; தண்டுவடத்தில் வெளிப்புறம்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. தண்ணீரைவிடக் கொழுப்பில் அது சுமார் 5 மடங்கு கரையும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறிவிடும். அவசரமாக வந்தால், கோலி சோடாவை உடைத்தது போல் குமிழிகள் கிளம்பும். அவை வெண்பொருளைச் சிதைக்கும். ரத்த ஓட்டத்தையும் அடைக்கும்.

முன்பு பலியானவர்கள்

நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றுக்கு அடியில், அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அஸ்திவாரம் தோண்டிய கூலிகள் பலரை இந்நோய் தாக்கியது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872-ல் இதனால் முடங்கினார். விஞ்ஞானி ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக மேலே வரும் அட்டவணையை 1908-ல் வெளியிட்டார். உலகெங்கும் முக்குளிப்போர் பின்பற்றும் முறைக்கு அதுவே அடிப்படை.

தூத்துக்குடிப் பக்கத்தில் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு எடுப்போருக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரே மூச்சில் மூழ்கி எழுபவர் உடம்பில் சேரும் நைட்ரஜன் குறைவு. குழாயில் சுவாசித்தபடி நெடுநேரம் கிடப்பவர் உடம்பில் அது ஏறிக்கொண்டே போகும்.

செய்ய வேண்டியது

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டும். விமானத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரமாவது, பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமாவது பொறுத்தே சென்னைக்கு விமானம் ஏற வேண்டும்.

கால் மரத்தால் மறுபடி கடலில் இறங்கக் கூடாது. படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குமிழியைக் கரைக்கும் அழுத்த அறை, போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடற்படையிடம் இருக்கிறது. தாமதம் ஆக ஆக, கால் பிழைக்கும் வாய்ப்புக் குறையும்.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "கடலில் மூழ்கி வந்தவர்" என்பதே. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம், எப்போது மேலே வந்தார் என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் சாதாரண முதுகுவலிக்குத்தான் மருந்து கிடைக்கும்.